நூற்றுக்கு ஒரு ரூபாய் லாபம், நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி!

கையில் காசு, வாயில் தோசை. காசை எண்ணி வைத்தால்தான் தோசை வரும் என்றிருந்த காலத்துப் பழமொழி. கிரெடிட் கார்டு வந்து இதைத் தலைகீழாக்கி விட்டது. முதலில் தோசை, காசு நாற்பத்தைந்து ஐம்பது நாள் கழித்து! அதுவும் போதாதென்று, தோசை தின்றதற்காக நூற்றுக்கு ஒரு ரூபாய் திருப்பியும் தருகிறார்கள். அதற்குப் பெயர்தான் கேஷ்பேக்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் இது தானமும் இல்லை, மாடும் இல்லை. ஆகவே பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தப்பே இல்லை. முக்கியமாக, கல்லூரியை முடித்துவிட்டு முதல் சம்பளம் வாங்கப் போகிறவர்கள் பார்த்தே ஆக வேண்டும். சம்பளக் கணக்கு ஆரம்பித்த கையோடு வங்கியிலிருந்து வருகிற முதல் போன் பெரும்பாலும் கார்டு விற்கிற போனாகத்தான் இருக்கும். அந்தப் போனில் கேஷ்பேக்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார்கள். வட்டியைப் பற்றி? கேட்டால்தான் சொல்வார்கள்.

கேஷ்பேக் எங்கிருந்து வருகிறது?

எந்த வங்கியும் தன் சொந்தக் காசை எடுத்து வீசுவதில்லை. கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழுப் பணம் போய்ச் சேராது. கடையின் வகை, கார்டின் வகையைப் பொறுத்து சுமார் 2 சதவீதம் கட்டணமாகப் பிடித்துக் கொள்வார்கள். அதில் பெரும்பங்கு கார்டைக் கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பதுதான் கேஷ்பேக். (வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பினால் 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. கிரெடிட் கார்டை ஏன் அவ்வளவு ஆசையாக விற்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.)

இந்த உத்தி புதிதில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1986இல் டிஸ்கவர் கார்டை நாடு முழுக்கக் கொண்டு வந்தபோதே, செலவு செய்ததில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் ஆள் சேர்த்தது. அது பிடித்துப் போக, மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

கடைக்காரர் அந்த 2 சதவீதத்தைத் தன் கையிலிருந்து போடுவாரா? மாட்டார், விலையில் ஏற்றி விடுவார். அந்த விலையை ரொக்கம் கொடுத்து வாங்குகிறவரும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார நிபுணர்கள் 2010இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலரைக் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தாரை வார்க்கிறது, கார்டு பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 1,133 டாலர் வந்து சேர்கிறது என்று அவர்கள் கணக்கு சொன்னது. ஊர் வேறு, கட்டணம் வேறு என்றாலும் வேலை செய்கிற விதம் ஒன்றுதான்.

கேஷ்பேக்கின் இன்னொரு ஊற்று வட்டி. பில் தொகையை முழுதாகக் கட்டாதவர்கள் கொடுக்கும் வட்டி. மாதாமாதம் ஒழுங்காக முழுத் தொகையையும் கட்டிவிடுகிற ஆள் வங்கிக்குப் பெரிய லாபம் தருவதில்லை. பாதியைக் கட்டி மீதியைத் தள்ளிப் போடுகிறவர்தான் பொன் முட்டையிடும் வாத்து.

நூற்றுக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வரலாம். பலரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள்: "கேஷ்பேக் 1 சதவீதம், வட்டி மூன்றரை சதவீதம். வித்தியாசம் இரண்டரைதானே!" இந்த இடத்தில்தான் கால் வழுக்குகிறது. கேஷ்பேக் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு முறை வருவது. வட்டி மாதாமாதம் வருவது. ஒன்று நூற்றுக்கு இவ்வளவு, அவ்வளவுதான். மற்றது நூற்றுக்கு, மாதத்துக்கு இவ்வளவு. காலத்தைச் சேர்க்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, தென்னை மரத்தின் உயரத்தையும் பஸ்ஸின் வேகத்தையும் ஒப்பிடுவது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு வீடுகளில் வட்டிக் கணக்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரியும். ஒரு வட்டி என்றால் பரவாயில்லை, இரண்டு வட்டி என்றால் யோசிக்கணும், மூன்று வட்டி என்றால் "வேற வழியே இல்லையா?" என்று கேட்பார்கள். ஐந்து, பத்து என்று போனால் அதற்குக் கந்துவட்டி என்று பெயர் வைத்து, 2003இல் தமிழக அரசு தடைச் சட்டமே கொண்டு வந்தது.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதம் 3 முதல் 3.75 சதவீதம் என்று படிக்கும்போது அதை மூன்று வட்டி என்றோ மூன்றே முக்கால் வட்டி என்றோ மனசுக்குள் மொழிபெயர்ப்பதில்லை. ஏதோ சதவீதம், ஏதோ தசமப் புள்ளி, பொடி எழுத்து என்று தாண்டிப் போய்விடுகிறது. வாசலில் வந்து நின்று மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் கதவைச் சாத்துகிற வீடு, அதே வட்டி பளபளப்பான அட்டையில் வந்தால் கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொள்கிறது!

மூன்றரை வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். இதோடு முடியவில்லை. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சாதாரண வங்கிக் கடனின் வட்டிக்கு அந்த வரி கிடையாது. வரியையும் சேர்த்தால் மூன்றரை என்பது மாதம் 4.13 ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 49.5 சதவீதம். நாலு வட்டிக்கும் மேல்!

ஏழு நாள் ஆயுள்

ஒரு சின்னக் கணக்கு. கார்டில் ஏற்கெனவே பழைய பாக்கி இருக்கிற ஒருவர் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்குகிறார். 1 சதவீத கேஷ்பேக், 10 ரூபாய். பழைய பாக்கி இருந்தால் புதிய பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்து விடும். முப்பது நாளைக்கு வரியோடு 41 ரூபாய். அப்படியானால் அந்த 10 ரூபாய் எத்தனை நாள் தாங்கும்? ஏழு நாள். எட்டாவது நாளிலிருந்து சட்டையின் விலை ஏற ஆரம்பிக்கிறது. 5 சதவீத கேஷ்பேக் என்றாலும் 36 நாள்தான் தாங்கும். அந்த 5 சதவீதத்துக்கும் பெரும்பாலும் மாத உச்சவரம்பு இருக்கும். பெட்ரோல், வாடகை, வாலட் என்று விலக்குப் பட்டியலும் இருக்கும்.

இன்னொரு கணக்கு. பில் 40,000 ரூபாய். 1 சதவீதம் என்றால் கேஷ்பேக் 400. இந்த மாதம் கை கடிக்கிறது, ஆகவே குறைந்தபட்சத் தொகை என்று போட்டிருக்கும் 5 சதவீதம், அதாவது 2,000 மட்டும் கட்டுகிறார். மீதி 38,000. அடுத்த முப்பது நாளைக்கு அதற்கு வட்டியும் வரியுமாக 1,569 ரூபாய். கிட்டத்தட்ட நான்கு மாதக் கேஷ்பேக் ஒரே மாதத்தில் காலி. (உண்மையில் இதைவிட அதிகமாகவே வரும். பாக்கி வைத்துவிட்டால் ஒவ்வொரு பொருளும் வாங்கிய நாளிலிருந்து வட்டி போடுவதுதான் வழக்கம்.)

அப்படியே தொடர்ந்தால்? புதிதாக எதுவும் வாங்கவில்லை, மாதாமாதம் பாக்கியில் 5 சதவீதம் மட்டும் கட்டி, அதிலேயே வட்டியும் கழிகிறது என்று வைத்துக்கொண்டால், 40,000 ரூபாய்க் கடனில் முதல் மாதம் கட்டுகிற 2,000இல் 1,652 வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 348. ஓர் ஆண்டு முடியும்போது சுமார் 22,900 ரூபாய் கட்டியிருப்பார். கடன் எவ்வளவு குறைந்திருக்கும் தெரியுமா? நாலாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவாக! மற்ற பதினெட்டாயிரத்துச் சொச்சமும் வட்டி, வரி. நாற்பதாயிரத்தையும் தேய்த்ததற்குக் கிடைத்த கேஷ்பேக் நானூறு.

அப்போ பர்சனல் கிரெடிட் லைன்?

கிரெடிட் லைன் என்றால் வங்கி ஒரு வரம்பைக் கொடுத்து வைத்திருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு எடுக்கலாம், எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. பழைய பெயரில் சொன்னால் ஓவர்டிராஃப்ட். சம்பளக் கணக்கின் மேல் தருகிறார்கள், வைப்புத்தொகையின் மேல் தருகிறார்கள், நகையின் மேலும் சில வங்கிகள் தருகின்றன. ரிசர்வ் வங்கி 2023இல் அனுமதி கொடுத்த பிறகு யு.பி.ஐ. வழியாகவே இப்படிப்பட்ட கடன் வரம்பிலிருந்து செலவு செய்யவும் முடிகிறது.

பிணை இல்லாமல் வாங்கினால் ஆண்டுக்கு 11, 12 சதவீதத்தில் தொடங்கி, ஆளைப் பொறுத்து இருபதுக்கு மேலும் போகும். வைப்புத்தொகையின் மேல் வாங்கினால் அந்த வைப்புத்தொகைக்குக் கிடைக்கிற வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் அதிகம் இருக்கும். அதே 38,000 ரூபாயை 14 சதவீத கிரெடிட் லைனிலிருந்து எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்தால் மாத வட்டி 443 ரூபாய். 9 சதவீதம் என்றால் 285 ரூபாய். கார்டில் 1,569. இதற்கு மேல் விவாதம் தேவையா?

கொஞ்சம் தேவைதான். கிரெடிட் லைனுக்கும் பரிசீலனைக் கட்டணம், ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் என்று இருக்கலாம். பத்து நாள் தேவைக்கு ஆயிரம் ரூபாய்க் கட்டணம் கொடுத்து வரம்பு வாங்கினால் அது சிக்கனம் ஆகாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கிரெடிட் லைனிலிருந்து எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்ததும் கார்டு 'காலியாக' இருப்பது போலத் தெரியும். உடனே மறுபடி தேய்ப்பார்கள். ஆறு மாதத்தில் இரண்டு கடன். அடைத்தது கடனை அல்ல, அதை வேறு பாத்திரத்தில் ஊற்றியதுதான் நடந்தது.

கேஷ்பேக் ஜெயிக்கும் இடம்

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் கேஷ்பேக் உண்மையிலேயே லாபமாகிற இடமும் இருக்கிறது. எப்படியும் வாங்கப் போகிற அரிசி, பருப்பு, ரயில் டிக்கெட்டைக் கார்டில் வாங்கி, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ மிச்சம்தான். அத்துடன் ஒரு மாதத்துக்கு மேல் வட்டியில்லாக் கடனும் கிடைக்கிறது. இவர் புத்திசாலி, சந்தேகமில்லை. ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும். 500 ரூபாய்க் கட்டணம் வரியோடு 590. 1 சதவீத கேஷ்பேக்கில் அதை ஈடுகட்டவே 59,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும்.

இரண்டும் கைகோக்கிற இடமும் ஒன்று உண்டு. பில் 20,000, கெடு இன்று, சம்பளம் வர இன்னும் பத்து நாள். ஏற்கெனவே இருக்கிற 14 சதவீத கிரெடிட் லைனிலிருந்து எடுத்து முழுதாகக் கட்டிவிட்டால் பத்து நாள் வட்டி 77 ரூபாய். கிடைத்த கேஷ்பேக் 200. மிச்சம் 123 ரூபாய். ஆனால் பத்து நாள் என்பது முப்பது நாளானால் வட்டி 230. கேஷ்பேக் போய், கையிலிருந்தும் முப்பது ரூபாய் போச்சு. ஆக, 14 சதவீதக் கடனிலும் 1 சதவீத கேஷ்பேக்கின் ஆயுள் 26 நாள்தான்.

தேய்க்கும்போது வலிப்பதில்லை

மேலே சொன்ன கணக்கெல்லாம் "எப்படியும் வாங்கப் போகிற பொருள்" என்ற நிபந்தனையில் நிற்கிறது. மனுஷ மனசு அப்படி நிற்பதில்லை. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் ட்ராசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எம்.பி.ஏ. மாணவர்களிடம், எளிதில் கிடைக்காத ஒரு கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். சிலரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சிலரிடம் கிரெடிட் கார்டில் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ரொக்கக்காரர்கள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! எம்.பி.ஏ. படிக்கிறவர்களுக்கே இந்தக் கதி.

சந்தைக்கு 2,000 ரூபாய் எடுத்துப் போகிறவர் 2,000க்குள் திரும்பி வருகிறார். கார்டு எடுத்துப் போகிறவர் 2,600க்கு வாங்கி 26 ரூபாய் கேஷ்பேக் பெறுகிறார். 26 ரூபாய் வருமானமா, 574 ரூபாய் செலவா?

சட்டம் காப்பாற்றுமா?

முழுக்க இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்சநீதிமன்றம் போயின. 2024 டிசம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை அல்ல என்பதே அதன் சாரம். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகளில் சில நல்ல விஷயங்கள் உண்டு. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது, கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் என்றெல்லாம் இருக்கிறது. ஆனால் வட்டிக்கு இவ்வளவுதான் என்று அந்த விதிகள் ஓர் எண்ணை வைக்கவில்லை.

கடன் வாங்குவோருக்கு ஆண்டு வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று 2024இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் கிரெடிட் கார்டு பாக்கிக்கு அந்தச் சுற்றறிக்கையில் விலக்கு! எது அதிக வட்டியோ அதற்குத்தான் தாள் வேண்டும். "5 சதவீதம் கேஷ்பேக்" என்று எந்த அளவு எழுத்தில் விளம்பரம் வருகிறதோ, அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே "பாக்கி வைத்தால் நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபாய் வட்டி, வரி தனி" என்றும் எழுத வேண்டும் என்று ஒரே ஒரு விதி வந்தால் போதும். பாதிப் பேர் தாங்களே கணக்குப் போட்டுக் கொள்வார்கள்.

அந்த விதி வருகிற வரைக்கும், கார்டு விற்கிற போன் வந்தால் கேஷ்பேக் எத்தனை சதவீதம் என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். முதல் கேள்வி, ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கட்ட முடியுமா என்பது. முடியும் என்றால் கார்டு, கேஷ்பேக் இரண்டும் நல்லதே. முடியாது என்றால், அல்லது "அநேகமா முடியும்" என்றால், வாங்கப் போவது கேஷ்பேக் அல்ல, நாலு வட்டிக் கடன். கடன் வாங்கியே ஆக வேண்டிய அவசரம் யாருக்கும் வரலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போது கேஷ்பேக் எங்கே அதிகம் என்று தேடாமல், வட்டி எங்கே குறைவு என்று தேடுவதுதான் புத்தி. ஏற்கெனவே கார்டில் பாக்கி இருப்பவர்கள் முதலில் தேய்ப்பதை நிறுத்தி, வைப்புத்தொகையோ நகையோ இருந்தால் அதன்மேல் குறைந்த வட்டிக்கு எடுத்து அடைத்துவிட்டு, அப்புறம் கேஷ்பேக்கைப் பற்றி யோசிக்கலாம்.

பாட்டியிடம் போய் "ஒரு ரூபா தர்றாங்க, ஆனா நாலு வட்டி" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.